வெளியே பார்த்து நின்ற வண்டி

சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் ஆவுடையம்மையின் குடிலுக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அம்மையை அல்ல, காத்தமுத்துவைத்தான். வாயில் விசில், தோளில் துண்டு, காக்கி நிறம் இன்னும் விட்டுப்போகாத பழைய கால்சட்டை. வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று நீங்கள் யோசிப்பதற்குள் அவர் எதிரே வந்து கையைக் காட்டிவிடுவார்.

"அப்படியே நில்லுங்க. இனி ரிவர்ஸ்ல வாங்க."

ஞானம் தேடி வந்தவரானாலும் சரி, காய்கறி இறக்க வந்தவரானாலும் சரி, முதுகைக் காட்டித்தான் உள்ளே நுழைய வேண்டும். புளியமரத்தடியில் எல்லா வண்டிகளும் மதிலுக்குப் பின்பக்கத்தைக் கொடுத்து, வாசலைப் பார்த்து வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் ஒரு முகம் மட்டும் உள்ளே திரும்பியிருந்தால் காத்தமுத்துவுக்குச் சோறு இறங்காது. வண்டிக்குச் சொந்தக்காரர் தியானத்தில் இருந்தாலும் போய்த் தோளைத் தட்டுவார்.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை தீயணைப்பு வண்டி ஓட்டியவர். தீயணைப்பு நிலையத்தில் வண்டி எப்போதும் வாசலைப் பார்த்துத்தான் நிற்கும். மணி அடித்த பிறகு பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டிருந்தால், அதற்குள் ஒரு கூரை விழுந்துவிடும். பணிக்காலம் முழுவதும் அப்படி நிறுத்திய கை, ஓய்வு பெற்றதும் மாறிவிடுமா என்ன? அவருடைய சொந்த மாருதி வேனும் அப்படித்தான் நின்றது. அவருடைய செருப்புகூட வாசலில் அப்படித்தான் கிடக்கும். கழற்றும்போதே ஒரு திருப்புத் திருப்பி, முனை வெளியே பார்க்கும்படி விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஒரு பௌர்ணமியன்று மீனலோசனி என்று ஒரு பல் மருத்துவர் திண்டுக்கல்லிலிருந்து காரில் வந்தார். ஓட்டக் கற்றுக்கொண்டு அதிக நாளாகவில்லை. காத்தமுத்து வழக்கம்போல ரிவர்ஸ் என்றார். அந்த அம்மாள் தனக்கு வராது என்றார். வரும் என்றார் காத்தமுத்து. "வரட்டும், வரட்டும், ரைட்ல ஒடிங்க, இன்னும் ஒடிங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்க, அந்த அம்மாள் பதற்றத்தில் இடது பக்கம் ஒடித்து, புளியமரத்தில் பம்பரைக் கொடுத்துவிட்டார்.

பெரிய சேதமில்லை. ஆனால் அந்த அம்மாள் நேராக அம்மையிடம் போய்விட்டார். மன அமைதிக்காக வந்தால் வாசலிலேயே அது போய்விட்டது என்று சொல்லிவிட்டு, ஒரு கேள்வியும் கேட்டார். சிலர் ஏன் வண்டியைப் பின்பக்கமாகவே நிறுத்த வேண்டும் என்று இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார்கள்? நேராக உள்ளே விட்டால் என்ன குடி முழுகிவிடும்?

அம்மைக்கு வண்டி பற்றி ஒன்றும் தெரியாது. சைக்கிள்கூட விடத் தெரியாது. நாற்பதைத் தாண்டிய, சிறிய உருவம். காத்தமுத்துவைவிட வயதில் மிகவும் இளையவர். அவர் இவரை 'அம்மா' என்பார், இவர் அவரை 'அண்ணே' என்பார். யார் குரு, யார் சீடர் என்பதில் அதனால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

அம்மை அவரைக் கூப்பிட்டனுப்பினார். டாக்டரம்மா கேட்பதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள் என்றார்.

காத்தமுத்து நிமிர்ந்து நின்றார். இந்தக் கேள்விக்காகத்தான் பிறந்ததுபோல அவர் முகம் மலர்ந்தது. வரும்போது நமக்கு அவசரமில்லை, அப்போதே சிரமத்தைப் பட்டுவிட வேண்டும் என்றார். போகும்போது எந்த அவசரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் கண் முன்னால்தான் பார்க்க வேண்டும், பின்னால் பார்க்கக் கூடாது. பின்னால் எடுக்கும்போதுதான் குழந்தை குறுக்கே வரும், நாய் படுத்திருக்கும். தன் கையால் அப்படி ஒரு சின்னக் கீறல்கூட யாருக்கும் விழுந்ததில்லை என்றார்.

சொன்னதில் நியாயம் இருந்தது. டாக்டரம்மாளின் கோபமும் பாதி வடிந்துவிட்டது. இவ்வளவு விஷயம் இருக்கிறதா என்று சொல்லி, அவரிடமே ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்.

அம்மை மட்டும் ஒன்று கேட்டார்.

"அவசரம் வந்துருச்சுன்னு உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"மணி அடிப்பாங்கம்மா."

"அடிக்கலைன்னா?"

"அடிக்கலைன்னா அவசரம் இல்லைன்னு அர்த்தம்."

அம்மை தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, சும்மா ஆட்டினாரா என்று காத்தமுத்துவுக்குப் பிடிபடவில்லை.

அன்று சாப்பாட்டுப் பந்தியில் டாக்டரம்மாள் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தீ விபத்துக் கதைகளைக் கேட்டார். காத்தமுத்துவிடம் அதற்குப் பஞ்சமில்லை. பஞ்சு மில் எரிந்த கதை, பட்டாசுக் கடை எரிந்த கதை, கிணற்றில் விழுந்த மாட்டை இறங்கித் தூக்கிய கதை. அவர் சொன்னதில் ஒன்றைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வீடு தீப்பற்றி எரிகிறது, வீட்டுக்காரர் டிவியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருக்கிறார். நிலையத்துக்குப் போன் செய்தது யார் என்று பார்த்தால் எதிரே இருக்கும் பெட்டிக்கடைக்காரர். அந்த டிவிக்காரர் இவர்களைப் பார்த்து, உங்களை யார் வரச் சொன்னது என்று கேட்டாராம்.

"எப்பவுமே அப்படித்தான்" என்றார் காத்தமுத்து. "எதிர்வீட்டுக்காரன் கூப்பிடுவான், ரோட்ல போறவன் கூப்பிடுவான். எரியிற வீட்டுல இருக்கறவங்களுக்கு ஏது நேரம்? அவங்களுக்கு எங்க நம்பர் ஞாபகம் வரும்?"

பந்தியின் கடைசியில் உட்கார்ந்திருந்த அம்மை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் சிரிக்கவில்லை.

சாப்பாடு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காத்தமுத்துவின் மனக்குறை முழுவதும் அங்கேதான் இருந்தது. குடிலில் ஒரு வழக்கம் உண்டு. வந்து போகிறவர்களுக்குத் தையல் இலையில் சோறு. இனி இங்கேதான் என்று தங்கிவிட்டவர்களுக்கு எவர்சில்வர் தட்டு. அந்தத் தட்டில் அவரவர் பெயர் வெட்டியிருக்கும். தட்டை அம்மைதான் கையில் கொடுப்பார். தீட்சை, மந்திரம் என்று வேறு எதுவும் கிடையாது. தட்டு வந்துவிட்டால் நீங்கள் அந்த வீட்டு ஆள்.

காத்தமுத்து வந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது. தன் வேனையே குடிலுக்கு விட்டிருந்தார். அரிசி மூட்டை எடுக்க, ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கூட்டிப்போக, அம்மையை ஊர் ஊராக அழைத்துப்போக, எல்லாவற்றுக்கும் அவர்தான். அவருக்குப் பின்னால் வந்த ஒரு ஓய்வுபெற்ற கம்பவுண்டருக்குப் போன தைப்பூசத்தில் தட்டு கிடைத்துவிட்டது. காதும் சரியாகக் கேட்காத அந்த மனிதர், பக்கத்தில் உட்கார்ந்து தன் பெயர் தெரியும்படி தட்டைத் திருப்பி வைத்துச் சாப்பிடுவார். காத்தமுத்துவுக்கு முன்னால் தையல் இலை. ரசம் ஊற்றினால் ஈர்க்குச்சி வழியாக ஒழுகும்.

அவருக்கு அது வலித்தது. வெளியே சொல்லவில்லை, ஆனால் வலித்தது.

ஒருநாள் மாலை, அம்மை கீரைப்பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு எப்பம்மா தட்டு?"

அம்மை வாளியை வைத்தார். சேற்றுக் கையைக் கழுவிவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வேனைப் பார்த்தார்.

"அந்த வண்டியக் கொஞ்சம் திருப்பி நிறுத்துங்கண்ணே."

"எங்க திருப்பணும்?"

"மூஞ்சி மதில் பக்கம் இருக்கட்டும். நாளைக்கு ஒருநாள் அப்படியே நிக்கட்டும்."

காத்தமுத்து சிரித்துவிட்டார். இதுவா பெரிய காரியம்? மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் தண்ணீர் நிரம்பிய வண்டியைத் திருப்பியவர். போனார், ஏறினார், வேனை எடுத்து மதிலுக்கு நேராக மூக்கை விட்டு நிறுத்தினார். இறங்கி வந்து அம்மையைப் பார்த்தார். அம்மை சரி என்று சொல்லிவிட்டு மறுபடி வாளியை எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. விளக்கு வைத்த பிறகுதான் ஆரம்பித்தது. படுக்கிற இடத்திலிருந்து பார்த்தால் வேனின் முகப்பு விளக்குகள் எப்போதும் தெரியும். இன்று அதன் முதுகு தெரிந்தது. யாரோ அவரிடம் முகம் கொடுக்காமல் திரும்பி நிற்பதுபோல இருந்தது. புரண்டு படுத்தார். திடீரென்று யாராவது கூப்பிட்டால் என்ன செய்வது என்று ஒரு எண்ணம் வந்தது. யார் கூப்பிடப் போகிறார்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். அதற்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதிலை அவர் வாய்விட்டுச் சொல்லி வெகு காலமாகிவிட்டது.

பொழுது விடிந்ததும் அம்மை துடைப்பத்தோடு வந்து புளியிலைகளைக் கூட்டத் தொடங்கினார். கூட்டிக்கொண்டே வந்தவர் வேனுக்கு முன்னால் நின்றார். வேன் வாசலைப் பார்த்து நின்றது. காத்தமுத்து அதற்குப் பக்கத்தில், பிடிபட்டவர் மாதிரி நின்றார்.

"திருப்பிட்டீங்களாண்ணே."

"மனசு கேக்கலம்மா."

"எங்க போறதுக்கு?"

காத்தமுத்து துண்டால் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார். அம்மை துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு, வேர் மேல் உட்கார்ந்துகொண்டார். அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தார். அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் எதிரே இருப்பவரால் எவ்வளவு நேரம்தான் கண்ணாடியைத் துடைக்க முடியும்?

காத்தமுத்து சொல்லத் தொடங்கினார்.

அவருக்கு ஒரே மகள், சுகந்தி. வேடசந்தூரில் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை நூற்பு மில்லில் ஷிப்டு வேலை. நல்ல பையன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு காத்தமுத்துவுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வீடுதான். சுகந்தியின் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. அதற்கு மேல் சுவர், வழியில்லை. அந்தச் சந்துக்குள்ளும் அவர் பின்பக்கமாகவே வண்டியை விட்டு, ரோட்டைப் பார்த்துத்தான் நிறுத்துவார். வண்டி சத்தம் கேட்டு மகள் வாசலுக்கு வருவதற்கும், வண்டியின் பின்பக்கம் அவளை நோக்கி வருவதற்கும் சரியாக இருக்கும். ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அப்பா வரும்போதே கிளம்புகிற மாதிரி வருகிறீர்களே என்று. இவரும் சிரித்தார். அதோடு சரி.

பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் வைத்தார்கள். சுகந்திக்கு அண்ணன் தம்பி கிடையாது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட மாமன்கள் இருந்தார்கள், முறை சொல்லி வரவும் செய்தார்கள். சுகந்தி ஒரே பிடியாக நின்றாள். என் அப்பா மடியில்தான் என் பிள்ளை உட்காருவான் என்றாள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காத்தமுத்து ஓய்வு பெற்று அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. கோயில் மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பேரனை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து மெயின் ரோட்டில் ஒரு தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

இந்த இடத்தில் காத்தமுத்துவின் குரல் தாழ்ந்துவிட்டது.

"நான் எந்திரிக்கலம்மா. எங்காலு எந்திரிச்சிருச்சு."

பிள்ளையை யார் கையில் கொடுத்தார் என்பதே அவருக்கு நினைவில்லை. வேன் ரோட்டைப் பார்த்துத் தயாராக நின்றது. அது மட்டும் வேறு பக்கம் பார்த்து நின்றிருந்தால், திருப்பி எடுப்பதற்குள் அவருக்குப் புத்தி வந்திருக்கும். ஏறினார், சாவியைத் திருகினார், அந்த வண்டியின் பின்னாலேயே போய்விட்டார். போய்ப் பார்த்தால் ஒரு வைக்கோல் போர். அவர் ஓடிப்போய்க் குழாயைப் பிடித்தபோது, அந்த நிலையத்துப் பையன்கள் அவரை யாரென்று தெரியாமல், ஐயா கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றார்கள். தள்ளி நின்றார். நின்ற பிறகுதான் தன் வேட்டியில் சந்தனம் ஒட்டியிருப்பதைப் பார்த்தார்.

அவர் திரும்பிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. முறைக்கு வந்த ஒரு தூரத்து மாமனின் மடியில் பேரன் இரண்டு காதிலும் தோடு போட்டு, அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தான். சுகந்தி கத்தவில்லை, சண்டை போடவில்லை. அவர் சட்டையில் இருந்த வைக்கோல் சாம்பலைத் தட்டிவிட்டாள். தட்டிக்கொண்டே சொன்னாள், இனிமேல் நான் கூப்பிட்டால் மட்டும் வாருங்கள் அப்பா என்று.

சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தவர்தான். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்து சேர்ந்தார்.

"கூப்பிட்டுச்சா?" என்று கேட்டார் அம்மை.

"இல்லம்மா."

"நீங்க பேசினீங்களா?"

"அது கூப்பிடணும்னுல்ல சொல்லுச்சு." காத்தமுத்து வேனைத் தொட்டார். "எப்ப கூப்பிட்டாலும் கிளம்பிரணும்னுதான் இப்படியே வச்சிருக்கேன். பெட்ரோல் குறைய விட்டதில்ல. ஒரு தடவைகூட பேட்டரி இறங்க விட்டதில்ல."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வாக்குத் தவறாமல் இருந்திருக்கிறார் அல்லவா? ஒருவேளை இதைக் கேட்ட பிறகு அம்மைக்குத் தன் மேல் மதிப்பு கூடியிருக்கும், தட்டு வந்துவிடும் என்றுகூட ஒரு ஓரத்தில் நினைத்தார். மனிதருக்கு ஆசை எந்தெந்த நேரத்தில் எல்லாம் எட்டிப் பார்க்கிறது பாருங்கள்.

அம்மை தட்டைப் பற்றித்தான் பேசினார். ஆனால் வேறு தட்டைப் பற்றி.

"கல்யாணத்துல பிள்ளைக்குச் சீர் பாத்திரமெல்லாம் குடுத்தீங்களாண்ணே?"

"ஒரு குறையும் வைக்கலம்மா. அண்டா, குடம், சட்டி, தட்டு, டம்ளர், எல்லாம் எம் பொண்டாட்டி பார்த்துப் பார்த்து வாங்கினது."

"பேரு வெட்டினீங்களா?"

"வெட்டாம குடுப்பமா? எல்லாத்துலயும் எம் பேருதான்."

"தட்டுலயுமா?"

"தட்டுலயும்தான். விளிம்புல, முழுப் பேரும்..."

அவர் வாய் பாதியில் நின்றது.

பேரனுக்கு இப்போது தானாக எடுத்துச் சாப்பிடும் வயது வந்திருக்கும். கண்ணில் பட்டதையெல்லாம் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்கும் வயது. தட்டின் விளிம்பில் விரலை வைத்து இது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருப்பான். சுகந்தி என்ன சொல்லியிருப்பாள்? அவள் ஒவ்வொரு வேளையும் அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டுமே. காத்தமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்தார், வியர்வையைத் துடைப்பதுபோல.

அம்மை அவர் துடைத்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"இன்னொன்னு கேக்கணும். அன்னிக்குப் பந்தியில சொன்னீங்க. எரியிற வீட்டுக்காரங்களே போன் பண்ணி நீங்க போனது உண்டா?"

"அவங்களுக்கு ஏதும்மா நேரம், அவங்களுக்கு எங்க..."

இதுவும் பாதியில் நின்றது. புளியமரத்திலிருந்து ஒரு காகம் எழுந்து போனது. காத்தமுத்து அது போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு சின்னப் பையன் சாக்குச் சொல்கிற குரலில் அவர் சொன்னார்.

"ஆனாலும் ஒரு முறை இருக்குல்லம்மா. மணி அடிக்காம வண்டிய வெளிய எடுக்கக் கூடாது. யாராச்சும் கூப்பிடணும்ல?"

அம்மை எழுந்தார். புடவையில் ஒட்டிய புளியிலையைத் தட்டிவிட்டு, சமையற்கட்டு வாசலுக்கு நடந்தார். அங்கே வேப்பமரக் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். சாப்பாட்டு நேரத்தில் அதைத்தான் அடிப்பார்கள். அம்மை பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கி அடித்தார். ஒரு அடி அல்ல, சாப்பாட்டுக்கு அடிப்பது போல நிதானமாகவும் அல்ல. விடாமல் அடித்தார்.

அந்த மலையடிவாரம் முழுவதும் சத்தம் கேட்டது. கம்பவுண்டருக்குக்கூடக் கேட்டுவிட்டது. அவர் தன் பெயர் வெட்டிய தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். சமையல்காரம்மாள் கையில் கரண்டியோடு ஓடி வந்து, இன்னும் கஞ்சியே கொதிக்கவில்லையே, அதற்குள் யார் அடித்தது என்று கேட்டார்.

அம்மை கம்பியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

காத்தமுத்து வேனில் உட்கார்ந்திருந்தார். சாவி போட்டிருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எப்போது ஏறினார் என்று அவருக்கே தெரியவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. செருப்புகூடப் போடவில்லை. அது குடில் வாசலில், முனை வெளியே பார்த்தபடி கிடந்தது.

அம்மை போய் அந்தச் செருப்பைக் கையில் எடுத்தார். அவர் பதறிப்போய் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கொண்டுவந்து வேனின் கதவு வழியாக உள்ளே வைத்தார்.

"கூப்பிட்டாச்சு" என்றார். "எதிர்வீட்டுக்காரி நாந்தான்."

காத்தமுத்து இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். தீயை நோக்கி எத்தனையோ முறை ஓட்டியவர். இப்போது அவருக்குப் பயமாக இருந்தது. அவள் கதவைத் திறக்காவிட்டால்? திறந்து, யார் கூப்பிட்டது என்று கேட்டுவிட்டால்? பேரன் இது யார் என்று கேட்டுவிட்டால்? வாசல் நேர் எதிரே திறந்து கிடந்தது. திருப்ப வேண்டியதில்லை, பின்னால் பார்க்க வேண்டியதில்லை. அதற்காகத்தானே இத்தனை நாள் இப்படி நிறுத்தி வைத்திருந்தார். கியரைப் போட்டவர், போட்டபடியே அம்மையைப் பார்த்தார்.

அவரிடம் கேட்பதற்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அது தட்டைப் பற்றியது அல்ல.

"அங்க போயி..." என்று இழுத்தார். "அந்தச் சந்துல வண்டிய எப்படிம்மா நிறுத்துறது?"

அம்மை வேனின் கதவை மெல்லச் சாத்தினார்.

"நேரா உள்ள விடுங்கண்ணே, மூக்கு சுவத்துல முட்டுற மாதிரி. திருப்பி எடுக்கக் கஷ்டமா இருக்கட்டும்."